யாருக்கு, எப்போதிலிருந்து தெரியும்?

தொடர்கதை நிறைவடைந்த பிறகு வந்த கடிதங்களை இரண்டு வாரங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாராட்டியவர்களைக் காட்டிலும் கதாபாத்திரங்களோடு சண்டையிட்டவர்களே அதிகம். அது எனக்கு மனநிறைவைத் தருகிறது. தொடரைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சில வரிகளில் சொல்லிவிடுகிறேன். நான்கு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தில் மூன்றாவதாக வளர்ந்த பெண், தன் நாற்பத்தாறாம் வயதில், இறந்துபோன அம்மாவின் பெட்டியில் ஒரு பழைய புகைப்படத்தைக் கண்டெடுக்கிறாள். தன்னைப் பெற்றவள் அம்மா அல்லள், ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் அத்தைதான் என்பது அதன் பின்புறத்து எழுத்திலிருந்து அவளுக்குத் தெரியவருகிறது. அண்ணனுக்கும் அக்காவுக்கும் அது சிறு வயதிலிருந்தே தெரியும். கடைசித் தம்பிக்கு மட்டும் தெரியாது. அந்தப் புகைப்படம் கிடைப்பதற்கு எட்டு மாதங்களுக்கு முன்புதான், வீட்டில் அவளுக்கிருந்த பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரத்தில் அண்ணன் அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தான்.

கேள்வி: அண்ணனைத் துரோகி என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். பதினொரு வயதில் அப்பாவிடம் சத்தியம் செய்துகொடுத்த பையன் அவன். நாற்பத்தாறு ஆண்டுகள் அந்தச் சுமையைத் தனியாகத் தூக்கியவனிடம் நீங்களும் இரக்கம் காட்டவில்லையே?

பதில்: அவன் வாய்திறவாமல் இருந்ததை நான் எந்த இடத்திலும் துரோகம் என்று எழுதவில்லை. அந்தச் சுமையைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் மைக்கேல் ஸ்லெபியனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 13,000க்கும் மேற்பட்ட இரகசியங்களைத் திரட்டி ஆராய்ந்து 2017ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிறர் முன்னிலையில் ஒன்றை மறைத்துப் பேச வேண்டிய தருணங்கள் ஒருவருக்கு வாய்ப்பது குறைவு என்றும், யாரும் கேட்காதபோதும் மனம் தானாக அந்த இரகசியத்திடம் திரும்பத் திரும்பப் போய்வருவதே அவருடைய நலத்தைக் குலைக்கிறது என்றும் அவர்கள் கண்டார்கள். தங்கை சிரிக்கும்போதும், அவளுக்குத் திருமணம் பேசும்போதும், அவளுடைய குழந்தையை மடியில் வாங்கும்போதும் அண்ணனின் மனம் எங்கே போய்வந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், அவன்மேல் இரக்கம் வராமல் இருக்காது. தொடரின் முதல் பாதியில் அந்த இரக்கத்தோடுதான் அவனை எழுதினேன்.

ஆனால் ஒன்றை மறைத்துவைப்பதும், மறைத்துவைத்ததைத் தனக்குச் சாதகமாக எடுத்துப் பயன்படுத்துவதும் வேறு வேறு செயல்கள். பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் காட்சியை மறுபடியும் பாருங்கள். அவன் பேனாவின் மூடியைத் தானே கழற்றிக் கொடுக்கிறான். ஒவ்வொரு பக்கத்திலும் அவள் கையெழுத்திட வேண்டிய இடத்தை விரலால் காட்டுகிறான். இரண்டாம் பக்கம் வந்தபோது மட்டும் அவனுடைய இடது உள்ளங்கை தாளின் நடுவில் இயல்பாகப் படிந்திருக்கிறது. அந்தக் கைக்குக் கீழே இருந்தவை ‘மேற்படியாரால் வளர்க்கப்பட்ட’ என்ற இரண்டு சொற்கள். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்கு அந்தக் கை அங்கே இருக்க வேண்டிய தேவையே இல்லை. பதினொரு வயதுப் பையனை நான் கடைசிவரை மன்னித்தேன். தாளின்மேல் கை வைத்தவன் ஐம்பத்தாறு வயது மனிதன்.

கேள்வி: ஒன்பதாவது அத்தியாயத்திலேயே அத்தைதான் தாய் என்று எங்கள் வீட்டில் மூன்று பேர் ஊகித்துவிட்டோம். புகைப்படம் கிடைப்பதோ இருபத்திரண்டாவது அத்தியாயத்தில். முடிச்சு முன்கூட்டியே அவிழ்ந்துவிட்டது குறைதானே?

பதில்: உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றே எழுதினேன். கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸ் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் இடிபஸ் மன்னனின் கதையை மேடையேற்றியபோது, பார்க்க வந்திருந்தவர்கள் அனைவருக்கும் அவன் யாருடைய மகன், யாரைக் கொன்றான், யாரை மணந்தான் என்பது முன்பே தெரியும். ஆனாலும் இருபத்துநான்கு நூற்றாண்டுகளாக அந்த நாடகம் மக்களை இருக்கையிலிருந்து எழவிடாமல் வைத்திருக்கிறது. அதில் என்னை மிகவும் பாதித்த இடம், இடிபஸ் உண்மையை அறியும் இடம் அல்ல. அவனைப் பெற்றவளும், அது தெரியாமல் அவனையே மணந்தவளுமான யொகாஸ்தா அவனுக்குச் சற்று முன்பாக அறிந்துவிடுகிறாளே, அந்த இடம். தூதன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. மேற்கொண்டு விசாரிக்க வேண்டாம் என்று அவள் அவனைக் கெஞ்சுகிறாள். அவனோ தன் பிறப்பு எளியதாக இருந்துவிடுமோ என்று இவள் வெட்கப்படுவதாக நினைத்துக்கொண்டு மேலும் விசாரிக்கிறான். மேடையில் ஒருத்திக்குத் தெரிந்துவிட்டது, இன்னொருவனுக்குத் தெரியவில்லை. அந்தச் சிறு இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் தாங்க முடியாததாக இருக்கிறது.

ஒன்பதாவது அத்தியாயத்துக்குப் பிறகு உங்களையும் அந்தக் குடும்பத்தில் விஷயம் தெரிந்த ஒருவராக உட்காரவைக்க விரும்பினேன். அதன் பிறகு அத்தை வரும் ஒவ்வொரு காட்சியிலும் உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அடுத்த பதின்மூன்று அத்தியாயங்கள் அண்ணனும் அக்காவும் வாழ்ந்த வாழ்க்கையை நீங்களும் கொஞ்சம் வாழ்ந்தீர்கள். ‘யாராவது அவளிடம் சொல்லிவிடுங்களேன்’ என்று ஒரு வாசகி இருபதாவது அத்தியாயத்தின்போது அஞ்சலட்டை அனுப்பியிருந்தார். அதை என் மேசையில் வைத்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணனையாவது பணத்தாசை பிடித்தவன் என்று விட்டுவிடலாம். அக்காவை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. தினமும் தலை பின்னிவிட்டவள், ஒரே பாயில் படுத்துறங்கியவள், கடைசிவரை ஒரு சொல் சொல்லவில்லையே! உண்மையான துரோகி அவள்தான்.

பதில்: வந்த கடிதங்களில் ஏறத்தாழப் பாதி இதையே சொல்கின்றன. அதனால் இதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

பிறப்பைப் பற்றிய ஓர் உண்மை வெளிப்படும்போது, அந்த உண்மை தரும் அடி ஒன்று; ‘உங்களுக்கெல்லாம் முன்பே தெரியுமா?’ என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் தரும் அடி வேறொன்று. முதல் அடியை அந்தப் பெண் இரண்டு அத்தியாயங்களில் தாங்கிக்கொண்டுவிடுகிறாள். அத்தை பெற்றாள், அம்மா வளர்த்தாள், இரண்டு பேருமே அன்பாக இருந்தார்கள் என்று ஒருவகையில் மனம் தேறுகிறாள். இரண்டாவது அடிதான் ஆறவே இல்லை. தன் வாழ்க்கையில் நடந்த ஒவ்வொன்றையும், அறையில் இருந்தவர்களுள் யாருக்குத் தெரிந்திருந்தது என்ற கணக்கோடு அவள் மறுபடியும் வாழ்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ‘நீ யார் சாடை?’ என்று தோழி கேட்ட அன்று, வீட்டுக்கு வந்து அக்காவிடம் அதைச் சொன்னாளே. பின்னிக்கொண்டிருந்த அக்காவின் கை ஒரு கணம் நின்று, பிறகு முன்னைவிட இறுக்கமாகப் பின்னியதே. அந்த இறுக்கத்துக்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து அவளுக்குப் பொருள் தெரிகிறது. நடந்ததை மாற்ற முடியாது என்பார்கள். இப்படிப்பட்ட ஓர் உண்மை வெளிப்படும்போது நடந்து முடிந்தவையும் மாறிப்போகின்றன. அதனால்தான் அது அவ்வளவு வலிக்கிறது.

யாருக்கு எப்போது தெரியும் என்பதில்தான் துயரம் இருக்கிறது என்பதை நமக்கு மகாபாரதம் காட்டுவதுபோல் வேறெதுவும் காட்டியதில்லை. கர்ணன் குந்தியின் மூத்த மகன் என்பது கண்ணனுக்குத் தெரியும். போருக்கு முன்பு அதைக் கர்ணனிடமே சொல்கிறான். இதைத் தருமனிடம் சொல்லிவிடாதே, தெரிந்தால் அவன் அரசை ஏற்கமாட்டான் என்று கர்ணன் கண்ணனைக் கேட்டுக்கொள்கிறான். பிறகு குந்தியும் வந்து சொல்கிறாள். ஆக, பதினெட்டு நாள் போரில் எதிரெதிராக நின்ற உடன்பிறந்தவர்களுள் கர்ணன் ஒருவனுக்குத்தான் தாங்கள் உடன்பிறந்தவர்கள் என்பது தெரியும். மற்ற ஐவருக்கும் போர் முடிந்து நீர்க்கடன் செலுத்தும்போது, அவனுக்கும் சேர்த்துச் செலுத்துங்கள் என்று குந்தி சொன்ன பிறகுதான் தெரிகிறது. தருமன் அழுகிறான், பிறகு கோபம் கொள்கிறான். இனிப் பெண்கள் எவராலும் இரகசியத்தைக் காக்க முடியாமல் போகட்டும் என்று சபிக்கிறான். அந்தச் சாபம் நியாயமற்றது. அவனுக்கும் சேர்த்து மறைத்த கண்ணன் ஓர் ஆண்தானே. ஆனால் அந்தக் கோபத்தின் வேர் எனக்குப் புரிகிறது. அவனை அண்ணனாக அறிந்து நேசிக்கும் வாய்ப்பை அவனிடமிருந்து மற்றவர்கள் தீர்மானம் செய்து பறித்துவிட்டார்கள்.

அக்காவுக்கு வருகிறேன். விஷயம் தெரிந்தபோது அவளுக்கு எட்டு வயது. சொன்னால் தங்கையை அத்தை அழைத்துக்கொண்டு போய்விடுவாள் என்று பயந்து அவள் மௌனத்தைத் தொடங்கினாள். முப்பது வயதில் அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லை. ஆனால் அதற்குள் ‘இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?’ என்ற கேள்வி புதிய பயமாக வந்து நின்றுவிட்டது. ஆண்டுகள் கூடக்கூட அந்தக் கேள்வி கனத்துக்கொண்டே போனது. அவள் செய்தது தவறு. அதில் எனக்கு ஐயமே இல்லை. பத்திரம் எழுதப்படுவது தெரிந்த அன்றாவது அவள் பேசியிருக்க வேண்டும். ஆனால் அண்ணன் எதையோ அடைவதற்காக மறைத்தான். இவள் எதையும் இழந்துவிடாமல் இருப்பதற்காக மறைத்தாள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

இங்கே தம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவனைக் கதைக்குத் தேவையில்லாத பாத்திரம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அவன் இல்லையென்றால் அந்தப் பெண்ணுக்குப் பற்றிக்கொள்ள எதுவுமே இருந்திருக்காது. அவனுக்குத் தெரியாது என்பதால், அவன் அவளோடு போட்ட சண்டைகள்கூட அப்பழுக்கில்லாதவை. திரும்பிப் பார்த்துச் சந்தேகிக்க வேண்டிய தேவை இல்லாத ஒரே அன்பு அவனுடையது. முப்பதாவது அத்தியாயத்தில் அவள் பேருந்து ஏறி நேரே அவன் வீட்டுக்குப் போனது அதனால்தான்.

கேள்வி: இது உங்கள் சொந்தக் குடும்பத்தில் நடந்ததா?

பதில்: இல்லை. பின்புறம் எழுதிய பழைய புகைப்படங்கள் மட்டும் எங்கள் வீட்டில் நிறைய உண்டு.

கேள்வி: எனக்கு ஏழு வயதில் ஒரு மகள். தத்தெடுத்த குழந்தை. உங்கள் தொடரைப் படித்த நாள் முதல் எனக்குத் தூக்கமில்லை. அவளுக்கு விவரம் தெரியும் வயது வரட்டும், பதினெட்டு ஆனதும் சொல்லலாம் என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் கதை எழுதுகிறவள், மனநல ஆலோசகர் அல்லள். உங்கள் குழந்தையை அறிந்த ஒரு நல்ல ஆலோசகரிடம் நீங்கள் இருவரும் சேர்ந்து பேசுவது நல்லது. ஆனால் இந்தத் தொடருக்காக இந்தத் துறையைச் சேர்ந்தவர்கள் எழுதியவற்றைப் படித்தபோது அவர்களிடம் கண்ட ஒருமித்த கருத்தைச் சொல்ல முடியும். பதினெட்டு வரை காத்திருக்க வேண்டாம் என்பதே அது. மிகச் சிறு வயதிலேயே, அந்த வயதுக்கேற்ற எளிய சொற்களில் தொடங்கி, குழந்தை வளர வளரக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துச் சொல்லச் சொல்கிறார்கள். ஒரே நாளில் உட்காரவைத்துச் சொல்லும் செய்தியாக அது ஆகிவிடக் கூடாது. ‘எனக்கு எப்போது தெரிந்தது என்பதே நினைவில்லை, எப்போதும் தெரியும்’ என்று குழந்தை பின்னாளில் சொல்லும்படி இருக்க வேண்டும்.

தன் பிறப்பை அறிவது குழந்தையின் உரிமை என்ற எண்ணம் சட்டங்களிலும் இடம்பெற்றிருக்கிறது. 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7ஆவது பிரிவு, இயன்றவரையில் தன் பெற்றோரை அறியும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. அதற்கும் முன்னதாகவே, பிறர் தந்த விந்தணுவால் பிறந்த பிள்ளைகள் தக்க முதிர்ச்சி அடைந்ததும் அதைத் தந்தவர் யார் என்று அறிந்துகொள்ள 1985இல் ஸ்வீடன் வழிசெய்தது. ஆனால் சட்டத்தைக் காட்டி உங்களை அவசரப்படுத்த நான் விரும்பவில்லை. உங்கள் வீட்டில் தாத்தா, பாட்டி, சித்தி, மாமா என்று எத்தனை பேருக்கு இது தெரியும் என்று இன்றிரவு எண்ணிப் பாருங்கள். அத்தனை பேரும் இன்னும் பதினோரு ஆண்டுகள் அவள் முன்னால் வாய்தவறாமல் இருக்க வேண்டும். அவர்களில் யாரோ ஒருவரிடமிருந்து அவள் தெரிந்துகொள்வதைக் காட்டிலும், உங்கள் மடியில் இருந்தபடி உங்கள் வாயால் கேட்பது நல்லதில்லையா? ஏழு வயது தாமதமே இல்லை.

கேள்வி: குடும்ப இரகசியம் என்றாலே ஏன் எப்போதும் ஒரு பெண்ணின் கர்ப்பம்? அத்தைக்கு அந்த நிலைமையை உண்டாக்கிய ஆண் உங்கள் கதையில் அரைப் பக்கம்கூட வரவில்லையே?

பதில்: இந்தக் கடிதம் என்னை நிலைகுலையவைத்தது. நீங்கள் சொல்வது சரி. அவனுக்கு நான் ஒதுக்கியது பதினெட்டாவது அத்தியாயத்தில் பதினோரு வரிகள் மட்டும். தொடரை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஊரார் அவனைக் கேட்காமல் விட்டதுபோல நானும் விட்டுவிட்டேன். நார்வே நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சன் 1881இலேயே இதைத் திருப்பிப் போட்டுக் காட்டியவர். ‘ஆவிகள்’ என்ற நாடகத்தில், ஊர் போற்றிய கணவனின் ஒழுக்கக்கேட்டை மனைவி ஆல்விங் அம்மையார் ஆண்டுக்கணக்கில் மூடி மறைக்கிறார். வீட்டில் வேலை செய்யும் பெண்ணே அவனுடைய மகள் என்பதையும் மறைக்கிறார். அந்தப் பெண்ணை அவருடைய மகனே விரும்பத் தொடங்கும்போதுதான், இத்தனை காலம் தான் யாருடைய மானத்தைக் காத்துவந்தோம் என்பது அவருக்கு உறைக்கிறது. நூல் வடிவம் பெறும்போது பதினெட்டாவது அத்தியாயத்தை மாற்றி எழுதப்போகிறேன். அந்த மனிதர் அதே தெருவில் தலைநிமிர்ந்து நடந்து, முதியவராகி, எல்லோருடைய மரியாதையையும் பெற்று இறந்ததை அதில் முழுமையாக எழுத வேண்டும்.

கேள்வி: உண்மையை மறைத்து வாங்கிய கையெழுத்தை எதிர்த்து அவள் வழக்குப் போட்டிருக்கலாம். நான் வழக்கறிஞர் என்பதால் கேட்கிறேன்.

பதில்: போட்டிருக்கலாம். வெல்லவும் வாய்ப்புண்டு. ஆனால் வழக்கு நடந்தால் அத்தை கூண்டில் ஏறி, இன்னாரைப் பெற்றேன் என்று சொல்ல வேண்டிவரும். அவள் வழக்கை விட்டது அண்ணனுக்காக அல்ல.

கேள்வி: புகைப்படத்தின் பின்னால் ஒரு பெயர் பிளேடால் சுரண்டப்பட்டிருந்தது. சுரண்டியது யார் என்று கடைசிவரை நீங்கள் சொல்லவே இல்லை. அண்ணன்தானே?

பதில்: அண்ணனாக இருந்தால் படத்தையே கிழித்திருப்பான். எழுதும்போது என் மனத்தில் இருந்தது அம்மாதான். பின்புறத்தில் இருந்த மூன்று வரிகளில் தேதியும் ‘பிறந்த மூன்றாம் நாள்’ என்பதும் அப்படியே இருக்கின்றன. அத்தையின் பெயர் மட்டும்தான் சுரண்டப்பட்டிருக்கிறது. அதுவும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பேனா முனை அழுந்திய தடம் தெரியும்படி, மேலோட்டமாக. அடியோடு மறைக்க நினைத்தவர் அடுப்பில் போட்டிருப்பார். அம்மா அதைப் பட்டுப்புடவையின் மடிப்புக்குள், தனக்குப் பிறகு அந்த மகள்தான் எடுத்துக் கட்டுவாள் என்று தெரிந்த புடவையின் மடிப்புக்குள் வைத்திருந்தார். வாயால் சொல்லும் துணிவு அவருக்குக் கடைசிவரை வரவில்லை என்பது என் துக்கம். நான் படைத்த பாத்திரம்தான் என்றாலும் அந்தத் துக்கம் உண்மையானது.

கேள்வி: இறுதி அத்தியாயத்தில் அத்தை ஏன் ஒரு வார்த்தையும் பேசவில்லை? அவள் வாயால் ‘மகளே’ என்று ஒருமுறை கேட்டுவிட மாட்டோமா என்று காத்திருந்து ஏமாந்துபோனேன்.

பதில்: அவள் பேசும்படியாகவும் அந்த அத்தியாயத்தை எழுதிப் பார்த்தேன், மூன்று முறை. முதல் முறை மன்னிப்புக் கேட்டாள். இரண்டாவது முறை நடந்ததையெல்லாம் சொன்னாள். மூன்றாவது முறை நீங்கள் எதிர்பார்த்த அந்தச் சொல்லைச் சொன்னாள். மூன்றையும் நீக்கினேன். அறுபத்தாறு வயது வரை அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருப்பதற்கே தன்னைப் பழக்கிக்கொண்டவளின் நாக்கு ஒரே மாலையில் அதற்கு வளைந்துவிடும் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை என்று எண்ணாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் வந்ததும் வராததுமாக, பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், ‘எவ்வளவு வளர்ந்துவிட்டாய், பார்க்கலாம்’ என்று அவளைத் தன் அருகில் நிற்கவைத்து, உள்ளங்கையைத் தட்டையாக அவள் உச்சியில் வைத்து, அதை அப்படியே தன் தோளுக்குக் கொண்டுவந்து அளப்பாள் அல்லவா? அவளுக்குப் பதினாறு வயது முடிந்து வளர்ச்சி நின்ற பிறகும் அத்தை அளந்துகொண்டுதான் இருந்தாள். வீட்டில் அதற்காக அத்தையைக் கிண்டல் செய்தார்கள். கடைசிக் காட்சியில், எல்லாம் தெரிந்துகொண்டு வந்து நிற்கும் நாற்பத்தாறு வயதுப் பெண்ணைப் பார்த்து அத்தை எழ முயல்கிறாள், முடியவில்லை. அப்போது மகள் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, அந்தக் கை வருவதற்காகக் காத்திருக்கிறாள்.